காபி தருவது தெம்பல்ல

"ஒரு காபி உள்ளே போனால்தான் தெம்பே வரும்" என்று சொல்லாத வீடு இல்லை. அதிலிருக்கும் பாலும் சர்க்கரையும் தருவதைத் தவிர, காபியில் தெம்பு என்று எதுவும் கிடையாது. நாம் விழித்திருக்க விழித்திருக்க, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் ஒட்டும்போதுதான் கண்ணைச் சுழற்றுகிறது. காஃபீன் முந்திக்கொண்டு அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. அசதி அப்படியே இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணி காபியில் பாதி, இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் (பெரிய அளவுதான்) எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சரியாகத் தூங்காமல் எழுந்து, அந்த அசதிக்கு மறுபடி காபி குடிக்கிறோம். கடைசி டம்ளரை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

மதியத் தூக்கத்துக்குச் சோற்றின் மேல் பழி போடுவது பாதிதான் சரி. சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் உடல் கொஞ்சம் மந்தமாகும். உடலின் கடிகாரம் அப்படி. குவித்துப் போட்ட சோறு அதைக் கூட்டும். காயையும் பருப்பையும் கூடுதலாக்கிச் சோற்றைக் குறையுங்கள். சாப்பிட்டபின் 10 நிமிடம் நடங்கள்.

"எப்பப் பார்த்தாலும் அசதின்னு உட்கார்ந்துடுவா, சோம்பேறி." எனக்குத் தாங்க முடியாத பேச்சு இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு பெண்ணுக்குக் குடம் தண்ணீரைத் தூக்கிவந்து இறக்கியதும் மூச்சு வாங்குகிறது, மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறது என்றால், அவருக்குத் தேவை ரத்தப் பரிசோதனை, வசவு அல்ல. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை.

இங்கும் காபி, டீ குறுக்கே வருகின்றன. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடோ பாலோடோ போடக் கூடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இதற்கு நேர்மாறு. சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உள்ளே போகும்.

மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதென்றால் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அசதி விடவில்லையா? தைராய்டையும் சர்க்கரையையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.