கடல் கடந்த சொந்தத்தைத் தேடிப் போகிறீர்களா? 12 பயனுள்ள குறிப்புகள்

விருத்தாசலம், மங்களூர், திட்டக்குடி பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும், "எங்க தாத்தாவோட தம்பி பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர்தான், அப்புறம் தகவலே இல்லை" என்று சொல்ல ஒருவர் இருப்பார். பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து மலாயா, மொரீஷியஸ், தென் ஆப்பிரிக்காவின் நேட்டால், பிஜி என்று பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வழி வந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் வசதி இன்று பல குடும்பங்களுக்கு இருக்கிறது. புறப்படும் முன் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்.

1. பாஸ்போர்ட்டுக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். போனவர் பெயரோடு நிறுத்தாமல் அவருடைய பட்டப்பெயர், அப்பா பெயர், கூடப் போனவர்கள், எந்த வயதில் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், குலதெய்வம் எது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாம் நினைவுக்கு வராது. நாலு நாள் கழித்து மறுபடி கேட்டால் புதிதாக ஒன்று சொல்வார்கள்.

2. பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள். மணியார்டர் துண்டு, நீல நிற ஏர்மெயில் தாள், போட்டோவின் பின்புறம் இருக்கும் ஸ்டுடியோ முத்திரை ஆகியவற்றில் தோட்டத்தின் பெயரோ தபால் ஊரோ கிடைக்கலாம். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கலாம்.

3. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். "மங்களூர்" என்று சொன்னால் வெளிநாட்டில் எல்லோருக்கும் கர்நாடகத்துத் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். தாலுகாவும் ஜில்லாவும் சேர்ந்தால்தான் நம் ஊர் பிடிபடும். கடலூர் மாவட்டம் பிறந்ததே 1993-ல்தான். அதற்கு முந்தைய ஆவணங்களில் தென்னாற்காடு ஜில்லா, விருத்தாசலம் தாலுகா என்று தேடுங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், வெர்தாசலம், விர்தாசலம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேடுவது நல்லது.

4. பெயரே ஒரு துப்பு. கொளஞ்சி, கொளஞ்சியப்பன், விருத்தகிரி, விருத்தாம்பாள் போன்ற பெயர்கள் நம் வட்டாரத்துச் சாமிகளின் பெயர்கள். வெளிநாட்டுப் பட்டியலில் அவற்றைக் கண்டால் நின்று பாருங்கள். ஆனால் தென் ஆப்பிரிக்காவில் படையாச்சி, கோவெண்டர், நாயுடு என்பவை ஆயிரக்கணக்கானவர்களின் குடும்பப் பெயர்கள். பின்பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு என்று முடிவு கட்ட வேண்டாம்.

5. போன வருடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1917-க்கு முன் நேட்டாலுக்கோ பிஜிக்கோ மொரீஷியஸுக்கோ போனவர் ஒப்பந்தக் கூலியாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும்பாலானோர் கங்காணி எனப்படும் ஆள்திரட்டும் மேஸ்திரி மூலம் போனார்கள். 1938-ல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. வந்துகொண்டிருந்த கடிதம் 1942 வாக்கில் நின்றுபோயிருந்தால், போனவர் நம்மை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பலர் திரும்பவே இல்லை.

6. எந்த நாட்டில் எந்த ஆவணம் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் குடியேற்றப் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருடைய புகைப்படமும் கிடைக்கும். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல். அந்தக் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இங்கேயே தேட எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

7. மலேசியாவில் தோட்டத்தைத் தேடிப் போனால் அங்கே அடுக்குமாடிக் கட்டடம் நிற்கலாம். பல தோட்டங்கள் அழிந்து நகரமாகிவிட்டன. அந்தப் பகுதி மாரியம்மன் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் விசாரியுங்கள். தோட்டத்து லாயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பெரியவர்கள் திருவிழாவுக்கு அங்கே வந்து கூடுவார்கள். 1935-ல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் முரசின் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம்.

8. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். இரண்டு மாதம் முன்பே கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். கூடவே பழைய போட்டோ ஒன்றையும், ஒரே தாளில் வரைந்த வம்சாவளியையும் அனுப்புங்கள். அதில் பெண்மக்கள் வழியையும் எழுதுங்கள். பல குடும்பங்களில் தொடர்பை விடாமல் காத்தது அத்தைமார்கள்தான்.

9. விசா விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். மலேசியாவுக்கு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். தங்கப் போகும் உறவினரின் முழு முகவரியும் போன் எண்ணும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள்.

10. குலதெய்வக் கோயில் மண்ணை முடிந்து எடுத்துப் போக ஆசை வரும். வேண்டாம். மண், விதை, செடி, இறைச்சி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் தடையும் அபராதமும் உண்டு. திருநீறு, குங்குமம், கோயிலின் போட்டோ எடுத்துப் போங்கள். மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உண்டு. அந்த நாடுகள் வழியாக விமானம் மாறிப் போகிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

11. ஊர் மண்ணை எடுத்துப் போக முடியாவிட்டால் என்ன, சூளையில் வெந்த மண்ணை எடுத்துப் போகலாம். விருத்தாசலம் பீங்கான் அகலும் சின்னப் பொம்மையும் நல்ல பரிசு. பொம்மையின் உள்கூட்டில் கசக்கிய செய்தித்தாளை அடைத்து, கை, மூக்கு போன்ற நீட்டிய பகுதிகளில் பஞ்சு வைத்து, பழைய பருத்தித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அகல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையில் தாள் வையுங்கள். கைப்பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் உடையாது.

12. நேரில் பார்த்ததும் சொத்துப் பேச்சை எடுக்காதீர்கள். சாதியையும் கேட்காதீர்கள். நாலைந்து தலைமுறையில் அந்தக் குடும்பத்தில் பல இனமும் மதமும் கலந்திருக்கும், தமிழ் பேசத் தெரியாமலும் இருக்கலாம். முதலில் முறையைச் சொல்லுங்கள்: "நான் உங்களுக்கு அண்ணன் முறை", "நீங்கள் எனக்கு அத்தை". மொழி மறந்த வீட்டிலும் அம்மா, தாத்தா, பாட்டி என்ற சொற்கள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அங்கே அனுப்பிவிடுங்கள். ஆவணக் காப்பகத்துக் காகிதம் அடுத்த வருடமும் இருக்கும். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டியின் நினைவுக்கு அந்த உறுதி கிடையாது. முதல் குறிப்பை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.