பேக்எண்ட் வேலைக்கு வீட்டிலிருந்தே பழக: வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு 14 குறிப்புகள்

செல்போன் செயலியில் கண்ணுக்குத் தெரியும் பட்டனும் படமும் முன்பக்கம். பணம் போய்ச் சேர்ந்ததா, டிக்கெட் உறுதியானதா, கணக்கு உதைக்காமல் இருக்கிறதா என்று பின்னால் இருந்து பார்த்துக்கொள்வது பேக்எண்ட். இதைப் பழகச் சென்னையில் அறை எடுத்துத் தங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. முதல் ஒரு வருடப் பாடத்தை வேதாரண்யத்து வீட்டிலேயே முடிக்கலாம். உப்பளம், பூ வியாபாரம், படகுக் கணக்கு என்று ஏதாவது ஒரு வரவு செலவு நடக்கிற வீடாக இருந்தால் இன்னும் வசதி. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும், ‘ராத்திரியெல்லாம் அப்படி என்னதான் தட்டுறான்’ என்று கவலைப்படும் பெற்றோருக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. புது லேப்டாப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப் தாராளம். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடந்தால் அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பாருங்கள். பல நேரம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். நம் ஊரில் கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் கணினி வைக்கக் கூடாது. உப்புக்காற்று முதலில் சார்ஜர் முனையையும் யுஎஸ்பி வாயையும்தான் அரிக்கும். வேலை முடிந்ததும் பைக்குள் வைத்து மூடுங்கள்.

2. விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் பழகுங்கள். உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. ஃபைலை நகர்த்துவது, அனுமதி மாற்றுவது, ஓடும் நிரலை நிறுத்துவது, லாக் பார்ப்பது ஆகிய நான்கையும் மவுஸ் தொடாமல் செய்யத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

3. ஜாவா, பைத்தான், நோட்.ஜேஎஸ் மூன்றில் ஒன்றை எடுங்கள், ஆறு மாதம் மாற்றாதீர்கள். சென்னைக் கம்பெனிகளில் ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும் தெரிந்தவர்களுக்குத் தேவை அதிகம். தனியாகப் பழகுபவருக்குப் பைத்தான் எளிது. எது சிறந்தது என்று யூடியூபில் நடக்கும் சண்டையைப் பார்க்கும் நேரத்தில் நாலு நிரல் எழுதிவிடலாம்.

4. டேட்டாபேஸுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். இ.எஃப். காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய டேபிள் முறைதான் இன்றும் வங்கி முதல் ரேஷன் கடை வரை ஓடுகிறது. மொழிகள் வந்து போகும், இது போகவில்லை. போஸ்ட்கிரஸ் இலவசம், அதை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு தெரிந்த ஒருவரின் உப்பளக் கணக்கு நோட்டை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எத்தனை டன், எந்த லாரி, யாருக்கு, டன் என்ன விலை, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, உப்பு வாரிய ஆட்களுக்குக் கூலி எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டை டேபிள்களாகப் பிரிப்பதுதான் உங்கள் முதல் வீட்டுப்பாடம்.

நோட்டில் ஒரே வியாபாரியின் பெயர் ஒரு பக்கம் முழுதாகவும், இன்னொரு பக்கம் இனிஷியலோடும், மூன்றாவது பக்கம் ‘திருச்சிக்காரர்’ என்றும் இருக்கும். எழுதியவருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். ஆகவே வியாபாரிக்குத் தனி டேபிள், ஆளுக்கு ஓர் எண், லோடு டேபிளில் அந்த எண் மட்டும். விலையை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். உப்புக்கு ஒரு டேபிள் போட்டு அதில் விலையை எழுதிவிட்டால், மழைக்கு முன்னால் விலை ஏறியதும் பழைய லோடுகளின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். அன்று விற்ற விலையை அன்றைய வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரே நாளில் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை விற்கும் முல்லைப்பூக் கணக்குக்கும் இதே விதிதான்.

5. பணத்தை ஃப்ளோட் வகை எண்ணாக வைக்காதீர்கள். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நூறு ரூபாயில் இது தெரியாது, லட்சம் வரிகளைக் கூட்டும்போது பைசா உதைக்கலாம். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது டேட்டாபேஸின் நியூமெரிக் வகையைப் பயன்படுத்துங்கள்.

6. தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் வித்தை தெரிந்திருந்தால் நேர்முகத் தேர்வில் தனியாகத் தெரிவீர்கள். ‘வேதாரண்யம்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் அது 10 குறியீடு, யுடிஎஃப்-8இல் 30 பைட். பத்து எழுத்து போதும் என்று இடம் ஒதுக்கினால் நீளமான ஊர்ப்பெயர் வெட்டுப்படும். ‘கோடியக்கரை’யில் இன்னொரு வம்பு. ‘கோ’வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. பெரிய கம்பெனிகளின் செயலிகளிலேயே தமிழில் தேடினால் கிடைக்காத பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

7. பத்து லட்சம் பொய் வரிகளை ஒரு நிரல் எழுதி டேபிளில் கொட்டுங்கள். ஒரு பெயரைத் தேடி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கும் பத்திக்கு இண்டெக்ஸ் போட்டு மறுபடி தேடுங்கள். எக்ஸ்பிளைன் கட்டளை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். வகுப்பில் ஒரு மாதம் கேட்டாலும் மண்டையில் ஏறாதது ஒரு மதியத்தில் ஏறும்.

8. தத்கால் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்தக் குறிப்பு சட்டென்று புரியும். ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. கடைசியாக ஒரு பெர்த், அதே நொடியில் இரண்டு பேர் தட்டுகிறார்கள். இருவருக்கும் அதைக் கொடுத்துவிடாமல் காப்பாற்றுவது டிரான்ஸாக்‌ஷனும் லாக்கும். இரண்டு டெர்மினல் ஜன்னல்களைத் திறந்து, இரண்டிலும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, அதை முடிக்காமலேயே ஒரே வரியை இரண்டிலிருந்தும் மாற்றிப் பாருங்கள். ஒன்று காத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார்.

9. செயலி சர்வரோடு பேசும் வழியான ஏபிஐ எழுதும்போது பதில் எண்களைச் சரியாகக் கொடுங்கள். 200 சரி, 404 கிடைக்கவில்லை, 401 நீ யார் என்று தெரியவில்லை, 403 தெரியும் ஆனால் அனுமதி இல்லை, 500 தவறு எங்கள் பக்கம். எது நடந்தாலும் 200 என்று அனுப்பிவிட்டு உள்ளே ‘எரர்’ என்று எழுதும் பழக்கம் கெட்ட பழக்கம்.

அதைவிட முக்கியம், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்பது. கோடியக்காட்டுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். உப்பு லோடுக்கு முன்பணம் அனுப்புகிறவர் பட்டனைத் தட்டுவார், சக்கரம் சுற்றும், பொறுமை இழந்து மறுபடி தட்டுவார். சர்வருக்கு முதல் கோரிக்கை ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். பதில்தான் திரும்பிப் போயிருக்காது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் போட்டு அனுப்பச் சொல்லி, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுங்கள். நல்ல நெட் உள்ள ஊரில் இதைச் சோதிக்கவே பாடுபட வேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

10. பிழைச் செய்தி வந்ததும் பதறி அப்படியே ஏஐயிடம் ஒட்டாதீர்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். ஜாவாவில் ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத் தேடுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே விளங்கிவிடும். ஏஐயைக் கேள்வி கேட்கும் வாத்தியாராக வைத்துக்கொள்வது நல்லது. அது எழுதிக் கொடுத்த நிரலை வரி வரியாக விளக்கத் தெரியாவிட்டால் நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்படும்.

11. தினமும் வேலையை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்து வெளியே உள்ள சர்வருக்குத் தள்ளி வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரை கடந்தது. வீட்டு ஓடுகளும் மரங்களும் போய், பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே கணினியில் இருப்பதெல்லாம் காப்பு ஆகாது. டேட்டாபேஸுக்கும் அப்படித்தான்: காப்பு எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை டேபிளை அழித்துவிட்டுக் காப்பிலிருந்து திரும்பக் கொண்டுவாருங்கள். கடவுச்சொல்லைக் கிட்டில் ஏற்றாதீர்கள். ஏறிவிட்டால் அழித்தும் பயனில்லை, பழைய கமிட்டில் இருக்கும். உடனே மாற்றுங்கள்.

12. காசு கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுங்கள். கணியம் தளத்தில் து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ மின்னூலாக இருக்கிறது. தமிழில் தொடங்க அது நல்ல வழி. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் பாடம் கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். கல்லூரியில் ‘நான் முதல்வன்’ வகுப்பு உண்டா என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல் வேலைக்குப் பழக நினைப்பவர்கள் ஸோகோ பள்ளியின் அறிவிப்பைக் கவனியுங்கள். கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். ‘நூறு சதவீதம் வேலை நிச்சயம்’ என்று மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்கும் இடங்களை நான் நம்புவதில்லை. நிச்சயமாக வேலை வாங்கித் தரக்கூடியவர், கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாமே!

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். போஸ்ட்கிரஸின் அதிகாரபூர்வ விளக்கத்தில் தினம் ஒரு பக்கம் படியுங்கள். மூன்று மாதத்தில் அதே ஐம்பது அறுபது சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வருவது தெரியும்.

13. எழுதியதை ஒரு நிஜ ஆளின் கையில் கொடுங்கள். உப்பளக் கணக்கு தயாரானதும், நோட்டுக் கொடுத்தவர் போனில் அதைத் திறந்து ஒரு வாரம் பயன்படுத்தட்டும். “தம்பி, இதெல்லாம் சரி, பாக்கி வச்சிருக்கிறவன் பேரை மட்டும் மேல காட்ட முடியுமா?” என்பார். நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காக டேபிளைத் திருத்தி, பாக்கி உள்ளவர்கள் மேலே வரும்படி வரிசைப்படுத்தி, மறுபடி ஏற்றிய கதையை ரெஸ்யூமில் இரண்டு வரியில் எழுதுங்கள். இணையத்தில் பார்த்துச் செய்த பத்து ‘டூ-டு லிஸ்ட்’ செயலிகளைவிட அதற்கு எடை கூடுதல். பெற்றோருக்கு இங்கே ஒரு வேலை உண்டு: இரவு இரண்டு மணி நேரம் கடைக்கு அனுப்பாமல், கூப்பிடாமல் விடுங்கள். பிழை தேடும்போது நடுவில் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

14. வேலை தேடும்போது சென்னைதான் என்று அடம் பிடிக்க வேண்டாம். தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று, அங்குள்ள கம்பெனிகளுக்கும் விண்ணப்பியுங்கள். வேலைக்கு அழைப்பு வந்தால் முதலில் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி கம்பெனியின் சொந்த முகவரிதானா என்று பாருங்கள். பயிற்சிக்கு, பதிவுக்கு, லேப்டாப்புக்கு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கட்டாதீர்கள். பாண்டு இருந்தால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அசல் சான்றிதழ்களை ‘வேலையில் இருக்கும்வரை எங்களிடம் இருக்கட்டும்’ என்று கேட்டால், சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.