தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாட்டுக்கு ஜனநாயகம் கேட்கும் கட்சிகள், தங்களுக்குள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா?

பதில்: பெரும்பாலும் காகிதத்தில்தான். உட்கட்சித் தேர்தலில் மனுத் தாக்கல், பரிசீலனை எல்லாம் முறையாக நடக்கும். கடைசியில் பார்த்தால் ஒரே ஒருவர்தான் மனு கொடுத்திருப்பார். ‘போட்டியின்றித் தேர்வு’, பட்டாசு, பொன்னாடை!

காங்கிரஸில் 2000-இல் சோனியா காந்தியை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94 வாக்குகள். தலைவர் பதவிக்கு அடுத்த போட்டியைப் பார்க்க 22 ஆண்டுகள் ஆயின. 2022-இல் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகள் பெற, சசி தரூருக்கு 1,072 விழுந்தன. தோற்றவர் ஓரங்கட்டப்படாமல் மறு ஆண்டே செயற்குழுவில் இடம்பெற்றார். நம் அரசியலில் இது அபூர்வம்.

அதே 2022-இல் ஆந்திரத்தின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ஜெகன்மோகன் ரெட்டியை நிரந்தரத் தலைவராக்கியதாகச் செய்தி வந்தது. நிரந்தரத் தலைவர் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது தேர்தல் ஆணையம்.

ஆனால், அதட்டுவதற்கு மேல் ஆணையத்தால் அதிகம் செய்ய முடியாது. கட்சியைப் பதிவு செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு; மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஜெர்மனியிலோ, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறையில் இருந்தாக வேண்டும் என்று அரசியல் சாசனமே கட்டளையிடுகிறது. நம் சாசனத்தில் அப்படியொரு வரி இல்லை.