சந்தன்நகரில் ஐந்து நாள்கள்

நுழையும்முன்

பெருநகரைக் காணச் செல்வோர் அந்நகரிலேயே தங்க வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள சிறு நகரில் தங்கி, நாள்தோறும் சென்று திரும்பவும் செய்யலாம். அவ்வாறு கொல்கத்தாவைக் கண்டு வந்த ஒரு குடும்பத்தின் கதையே இப்பாடம்.

ஏமாற்றம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று குளிர்கால விடுமுறையில் கொல்கத்தாவைக் காணப் புறப்பட்டது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பு பயிலும் மகள், ஐந்தாம் வகுப்பு பயிலும் மகன் ஆகிய நால்வரும் ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கினர். நிலையத்துக்கு வெளியே ஹவுரா பாலம் வானளாவி நின்றது. ஆனால் தந்தையோ வேறொரு நடைமேடையை நோக்கி நடந்தார்.

“நாம் கொல்கத்தாவில் தங்கவில்லையா, அப்பா?” என்று மகள் வினவினாள்.

“இல்லையம்மா. சந்தன்நகரில் தங்குகிறோம். இங்கே இரண்டு நாள் அறை வாடகையில் அங்கே ஐந்து நாள் தங்கலாம். நாள்தோறும் வண்டியில் வந்து போகலாம்” என்றார் தந்தை.

மகளின் முகம் வாடியது. கொல்கத்தாவில் விடுமுறையைக் கழிக்கப்போவதாகத் தோழியரிடம் அவள் கூறியிருந்தாள். சந்தன்நகர் என்னும் பெயரை அவர்களுள் ஒருத்தியும் அறியமாட்டாள்.

புறநகர் வண்டியில் எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “உங்கள் சொந்த ஊர் எது?” என்று இந்தியில் அன்புடன் கேட்டார். “சென்னை” என்று மகள் விடையளித்தாள். தந்தை அவளைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. அவர்களுடைய சொந்த ஊர் அரக்கோணம். அப்பெயரைச் சொன்னால், “அது எங்கே இருக்கிறது?” என்று பள்ளியில் மீண்டும் கேட்பார்கள். ஆகவே அவள் சென்னை என்றே கூறிப் பழகிவிட்டாள்.

ஆற்றங்கரை ஊர்கள்

ஹவுராவிலிருந்து சந்தன்நகர் ஏறத்தாழ 33 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது. புறநகர் வண்டி ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேர்கிறது. இடையிலுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் மகிழுந்து, இந்த் மோட்டார் நிலையத்தை அடுத்த ஆலையில் உருவானது. இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855இல் ரிஷ்ராவில் தொடங்கப்பெற்றது. டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூரில் வில்லியம் கேரியும் அவருடைய நண்பர்களும் 1800இல் அச்சகம் நிறுவி, இந்திய மொழிகள் பலவற்றில் நூல்களை அச்சிட்டனர்.

சந்தன்நகரோ பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். ஆற்றை ஒட்டிய நடைபாதையில் மரநிழலில் நடந்தபோது, “இது புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் போல இருக்கிறதே!” என்று தாய் வியந்தார். அவ்வியப்பில் பொருளுண்டு. புதுச்சேரியின் ஆளுநராகப் புகழ்பெற்ற தூப்ளே, அதற்கு முன்னர்ச் சந்தன்நகரை நிருவகித்தவர். 1910இல் ஆங்கிலேயர் கண்ணில் படாமல் அரவிந்தர் மறைந்திருந்ததும் இவ்வூரிலேதான். இங்கிருந்து கொல்கத்தா வழியே கப்பலேறி அவர் புதுச்சேரியை அடைந்தார். அங்கு ஏற்கெனவே பாரதியார் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1949இல் நடந்த பொது வாக்கெடுப்பில் சந்தன்நகர் மக்கள் இந்தியாவுடன் இணையப் பெருவாரியாக வாக்களித்தனர். 1950இல் நிருவாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1954இல் அவ்வூர் மேற்கு வங்கத்துடன் இணைந்தது.

காலை வண்டி

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிலையம் சென்ற குடும்பத்தினர் திகைத்தனர். நடைமேடை முழுவதும் மக்கள் வெள்ளம். அலுவலர், மாணவர், தையற்காரர், கடைப் பணியாளர், காய்கறிக் கூடை சுமந்த பெண்கள் என அனைவரும் பெருநகரை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். முதல் வண்டியில் ஏற இயலவில்லை. இரண்டாம் வண்டியில் நின்றுகொண்டே சென்றனர். தம்பியின் கையை அக்கா இறுகப் பற்றிக்கொண்டாள்.

“இவர்கள் எல்லாரும் நாள்தோறும் இப்படியா செல்கிறார்கள்?” என்று அவள் கேட்டாள்.

“உன் தாத்தா முப்பத்திரண்டு ஆண்டுகள் இப்படித்தான் சென்றார்” என்றார் தந்தை.

அன்று மாலை ஆற்றங்கரையில் அமர்ந்து அவர் அதனை விரிவாகக் கூறினார். தாத்தாவுக்குச் சென்னையில் வேலை. விடியுமுன் எழுந்து, பையில் உணவும் சட்டைப் பையில் மாதச் சீட்டுமாக அரக்கோணத்தில் வண்டியேறுவார். இரவு எட்டு மணிக்குமேல்தான் வீடு திரும்புவார்.

“சென்னையிலேயே குடியிருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாங்கிய சம்பளத்தில் பாதி வாடகைக்கே போயிருக்கும். அந்தப் பணத்தில்தான் உன் அத்தையையும் என்னையும் படிக்க வைத்தார். நான் தில்லிக்கு வேலைக்கு வந்தது அந்த மாதச் சீட்டினால்தான்.”

மகள் நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தந்தை மேலும் ஒரு செய்தி கூறினார். 1854 ஆகஸ்டு 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை முதல் பயணியர் வண்டி ஓடியது, அவர்கள் வந்த இதே வழியில்தான். தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அரக்கோணம் அவ்வழியில் உள்ள ஊர்.

பெருநகரும் சிற்றூரும்

அடுத்த நாள் முதல் அவர்கள் நெரிசல் தணிந்தபின், பத்து மணிக்குமேல் புறப்பட்டனர். 1814இல் நிறுவப்பெற்ற இந்திய அருங்காட்சியகத்தையும், 1921இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவகத்தையும் கண்டனர். ஹூக்ளி ஆற்றின் அடியில் அமைந்த சுரங்கத்தின் வழியே மெட்ரோ வண்டியில் சென்றனர். ஆற்றுக்கு அடியில் செல்லும் அப்பாதை 2024இல் திறக்கப்பெற்றது. திருகாணிகள் இன்றி, தறையாணிகளால் இணைக்கப்பெற்ற ஹவுரா பாலத்தை நடந்தே கடந்தனர்.

இழப்புகளும் இருந்தன. இரவு நெடுநேரம் நகரில் இருக்க இயலவில்லை. மாலை நாடகம் ஒன்றினைக் காணாமலே திரும்ப நேர்ந்தது. போக்குவரத்துக்கே நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குமேல் செலவாயிற்று. ஆயினும், நகரில் தங்கியிருந்தால் காணாத ஒன்றை அவர்கள் கண்டனர். பாலத்தை அடுத்த மல்லிக் காட் மலர்ச்சந்தையில் குவிந்திருந்த செண்டுமல்லி மாலைகள் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்தவை. சந்தைக் காய்கறிகளும் அவ்வாறே வந்தவை. துர்க்கா பூசையின்போது கொல்கத்தாத் தெருக்களில் ஒளிரும் அலங்கார விளக்குகளுள் பல, சந்தன்நகர்க் கைவினைஞர்கள் உருவாக்குபவை. பெருநகரின் ஒளியே சிற்றூரில் பிறக்கிறது என்று விடுதிக்காரர் பெருமையுடன் கூறினார்.

இறுதி நாளில், உள்ளே பன்னீர் நிறைந்த ‘ஜல்பரா சந்தேஷ்’ என்னும் அவ்வூர் இனிப்பை வாங்கிக்கொண்டு வண்டியேறினர். அருகில் அமர்ந்த கல்லூரி மாணவி, “நீங்கள் எந்த ஊர்?” என்று மகளைக் கேட்டாள்.

“அரக்கோணம்.”

“அது எங்கே இருக்கிறது?”

“சென்னைக்கு மேற்கே, ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. என் தாத்தா அங்கிருந்து நாள்தோறும் வண்டியில் சென்னைக்கு வேலைக்குச் சென்று வந்தார்.”

மாணவி தன் மாதச் சீட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். “அப்படியானால் உங்கள் ஊரும் எங்கள் ஊரைப் போலத்தான்!” என்றாள்.

சொற்பொருள்

வானளாவி – வானைத் தொடுமாறு உயர்ந்து
நிருவகித்தவர் – ஆட்சிப் பணிகளை நடத்தியவர்
பெருவாரியாக – மிகுதியான எண்ணிக்கையில்
மாதச் சீட்டு – ஒரு மாதம் சென்று வருவதற்கான பயணச்சீட்டு
தறையாணி – அடித்துப் பிணைக்கும் ஆணி

பயிற்சி

1. தந்தை சந்தன்நகரில் தங்கத் தீர்மானித்தது ஏன்?
2. சந்தன்நகருக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தொடர்புகள் இரண்டினை எழுதுக.
3. “நான் தில்லிக்கு வேலைக்கு வந்தது அந்த மாதச் சீட்டினால்தான்” – இத்தொடரின் பொருளை விளக்குக.
4. பிரித்து எழுதுக: மலர்ச்சந்தை, பெருநகர், ஆற்றங்கரை.
5. உம் குடும்பத்தின் சொந்த ஊர் எது? அதற்கு அருகிலுள்ள பெருநகர் எது? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.