புத்தர் பேச்சை நம் மொழியில் படிப்போம்

முதலமடையில் மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தேவிகுளம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பேருந்துப் பலகை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கிறது. ஆபீசில் இருந்து வரும் தாள் மலையாளத்தில் இருக்கும். அல்லது ஆங்கிலத்தில் இருக்கும்.

"இதில் என்ன எழுதியிருக்கு?" என்று யாரையாவது கேட்க வேண்டும். அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும். நம் மொழியில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. நாமே படித்துக்கொள்ளலாம்.

இது இன்றைய கவலை மட்டும் அல்ல. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன்பே இதே பேச்சு புத்தரிடம் வந்தது.

அவரவர் மொழியில்

புத்தர் வட இந்தியாவில் வாழ்ந்தார். ஊர் ஊராக நடந்தார். மக்களிடம் பேசினார். அரசர்கள் கேட்டார்கள். உழவர்கள் கேட்டார்கள். குப்பை கூட்டிய சுனீதர் என்பவரும் கேட்டார். அவர் புத்தரின் சீடராகவே ஆனார்.

ஒரு நாள் இரண்டு துறவிகள் புத்தரிடம் வந்தார்கள். இருவரும் நன்றாகப் படித்தவர்கள். பல குலத்தவரும் பல ஊரவரும் இப்போது துறவி ஆகிறார்கள், அவர்கள் தங்கள் பேச்சில் சொல்லி உங்கள் வார்த்தையைக் கெடுக்கிறார்கள் என்று முறையிட்டார்கள். படித்தவர்களின் உயர்ந்த நடையில் அதை மாற்றி வைக்கலாமா என்று கேட்டார்கள்.

புத்தர் ஒப்பவில்லை. அவர்களைக் கண்டித்தார். சொந்த மொழியில் கற்கலாம் என்றார். இந்தச் செய்தி 'விநயபிடகம்' என்னும் பழைய நூலில் இருக்கிறது.

சொந்த மொழி என்றால் யாருடைய மொழி? புத்தருடைய மொழி என்று ஒரு பழைய உரையாசிரியர் பொருள் சொன்னார். கற்பவருடைய மொழி என்று இன்றைய அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரே வரிக்கு இப்படி இரண்டு பொருள் வருவது உண்டு. அதனால்தான் நாம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வாயிலிருந்து ஓலைக்கு

புத்தர் எதையும் எழுதி வைக்கவில்லை. சீடர்கள் கேட்டார்கள். மனப்பாடம் செய்தார்கள். பலர் கூடி உட்கார்ந்து, ஒன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். நாற்று நடும்போது பாட்டு ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போகிறது அல்லவா? அதுபோலத்தான்.

பிறகு, கி.மு. முதல் நூற்றாண்டில், இலங்கையில் இவற்றை ஓலையில் எழுதினார்கள். மாத்தளைக்கு அருகில் உள்ள அலுவிகாரை என்ற குகைக் கோயில்தான் அந்த இடம் என்று சொல்வார்கள். எழுதிய மொழி பாலி. நூல்களை மூன்று தொகுதியாக வைத்தார்கள். அதனால் 'திரிபிடகம்' என்று பெயர். மூன்று கூடைகள் என்று பொருள்.

இந்தக் கூடைகளில் சிறிய நூல்களும் உண்டு. 'தம்மபதம்' 423 பாடல்கள் கொண்டது. 'தேரிகாதை' பெண் துறவிகள் பாடிய பாடல்களின் தொகுப்பு.

தமிழுக்கு வந்த வழி

முற்காலத்தில் தமிழ்நாட்டிலும் பௌத்தம் இருந்தது. 'மணிமேகலை' ஒரு பௌத்தக் காப்பியம். கேரளத்திலும் பௌத்தம் இருந்தது. ஆலப்புழை மாவட்டம் கருமாடியில் ஒரு கருங்கல் புத்தர் சிலை உள்ளது. அதில் ஒரு பாதி உடைந்து போயிருக்கிறது. மக்கள் அதைக் 'கருமாடிக்குட்டன்' என்று அன்போடு அழைக்கிறார்கள். பிறகு பௌத்தம் நம் பக்கத்தில் மறைந்தது. அதன் நூல்களும் மக்கள் கையில் இல்லாமல் போயின.

அவற்றை மீண்டும் தமிழ் மக்களிடம் கொண்டு வர உழைத்தவர்களில் முக்கியமானவர் அயோத்திதாசர். அவர் 1845இல் பிறந்தார். 1914இல் இறந்தார். சித்த வைத்தியர். தீண்டாமைக் கொடுமையை எதிர்த்தவர். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள் என்று அவர் சொன்னார். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தர் ஆனார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

1907இல் அவர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. புத்தரின் வரலாற்றையும் போதனையையும் தமிழில் எழுதினார். கோலார் தங்கச் சுரங்கத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடம் இந்த இயக்கம் வேர் பிடித்தது. பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்து புத்தர் பேச்சைப் படித்தார்கள்.

பின்னர் ப. ராமசாமி தம்மபதத்தைத் தமிழில் தந்தார். டாக்டர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பெருந்திரளான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நூல் 1957இல் வெளிவந்தது. அதைப் பெரியார்தாசன் தமிழில் மொழிபெயர்த்தார்.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சொற்கள் நமக்குத் தெரிந்தவை போல இருக்கும். பொருள் வேறாக இருக்கும்.

'துக்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். சாவு வீட்டுக்குப் போவதை நாம் 'துக்கம் கேட்கப் போகிறேன்' என்கிறோம். பாலி நூலில் துக்கம் என்றால் சாவு மட்டும் அல்ல. நோய் துக்கம். முதுமை துக்கம். விரும்பியது கிடைக்காததும் துக்கம்.

'தம்மம்' என்ற சொல்லும் அப்படியே. நாம் அதைத் தருமம் என்கிறோம். தருமம் போடுவது என்றால் பிச்சை போடுவது. புத்தர் சொன்ன தம்மம் பிச்சை அல்ல. அவர் காட்டிய உண்மையும், வாழும் நெறியும்தான் அது.

கடுகு கேட்ட தாய்

இனி ஒரு கதை படிப்போம். இது தேரிகாதைக்குப் பிற்காலத்தில் எழுதிய உரையில் வருகிறது.

கிசா கோதமி ஓர் ஏழைப் பெண். அவளுடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அவள் நம்பவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மருந்து கேட்டு வீடு வீடாக அலைந்தாள். கடைசியில் புத்தரிடம் வந்தாள்.

கொஞ்சம் கடுகு கொண்டு வா என்றார் புத்தர். ஆனால் யாரும் சாகாத வீட்டில் இருந்து வாங்கி வர வேண்டும் என்றார்.

கோதமி ஓடினாள். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் அப்பா இறந்திருந்தார். ஒரு வீட்டில் மகள். சாவு இல்லாத வீடே இல்லை. அவளுக்குப் புரிந்தது. பிள்ளையைச் சுடுகாட்டில் கிடத்தினாள். திரும்பி வந்து புத்தரின் சீடர் ஆனாள்.

வகுப்பில் எழுந்த கேள்வி

மூணாறு மலையில் ஒரு மாலை வகுப்பு. ஒரு பெண் இந்தக் கதையை எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை.

அந்த மலையில் பெட்டிமுடியை அறியாதவர் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெரும் மழையில் அங்கே மலை சரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டார்கள்.

வயதான ஒரு பெண் சொன்னார்: "கடுகு கேட்டு வந்தா, எங்க லயத்திலயும் ஒரு பிடி தர முடியாது."

இன்னொரு பெண் கேட்டாள்: "எல்லா வீட்டிலும் சாவு உண்டு. சரி அக்கா. ஆனா மண் சரிஞ்சு மொத்தமாச் சாகறதும் அப்படித்தானா? அதுக்கும் சும்மா இருக்கணுமா?"

நல்ல கேள்வி. சும்மா இரு என்று இந்தக் கதை சொல்லவில்லை. மற்றவர் வீட்டுத் துயரத்தையும் பார் என்கிறது. பார்த்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் துணை ஆகலாம். பத்திரமான வீடு வேண்டும் என்று ஒன்றாகக் கேட்கவும் செய்யலாம்.

வேறொரு கதையும் உண்டு. இது தம்மபத உரையில் வருகிறது. ஆளவி என்ற ஊரில் புத்தர் பேச வந்தார். ஓர் ஏழை உழவன் காணாமல் போன மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, பசியோடு தாமதமாக வந்தான். அவன் வரும்வரை புத்தர் காத்திருந்தார். முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் சாப்பிட்ட பிறகே பேசத் தொடங்கினார். பசியைப் போலப் பெரிய நோய் இல்லை என்பது அவர் கருத்து. உடம்பின் தேவையை அவர் தள்ளிவிடவில்லை.

நூலில் இருந்தாலும் சோதித்துப் பார்

கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் என்ற மக்கள் இருந்தார்கள். அவர்கள் புத்தரிடம் ஒரு குறை சொன்னார்கள். இங்கே வரும் ஒவ்வொரு குருவும் தன் பேச்சே சரி என்கிறார், மற்றவர் பேச்சைப் பழிக்கிறார், யாரை நம்புவது என்று கேட்டார்கள்.

சந்தேகம் வருவது சரியே என்றார் புத்தர். வழிவழியாக வந்தது என்பதற்காக ஏற்க வேண்டாம். நூலில் இருக்கிறது என்பதற்காகவும் ஏற்க வேண்டாம். குரு சொன்னார் என்பதற்காகவும் வேண்டாம். அது நன்மை தருமா, தீமை தருமா என்று நீங்களே பாருங்கள். அறிவுள்ளவர்கள் அதைப் பழிப்பார்களா என்றும் பாருங்கள். இதுதான் அவர் சொன்னதன் கருத்து.

மாலை வகுப்பில் கேள்வி கேட்ட பெண் இதைத்தான் செய்தாள். படித்தாள். தன் வாழ்க்கையோடு ஒப்பிட்டாள். கேட்டாள். பிறர் படித்துச் சொல்லக் கேட்டிருந்தால், தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பாள்.

எழுத்துத் தெரிந்தவருக்கு இது பெரிய பலம். ஆபீஸ் தாளோ, பழைய நூலோ, எதுவாக இருந்தாலும் நாமே படிப்போம். புரியாததைக் கேட்போம்.

சொல் அறிவோம்

பிடகம் - கூடை
உரை - நூலுக்கு எழுதிய விளக்கம்
மொழிபெயர்ப்பு - ஒரு மொழியில் உள்ளதை வேறு மொழியில் தருவது
லயம் - தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு

சிந்திப்போம், பேசுவோம்

1. உயர்ந்த நடையில் மாற்றலாம் என்று சொன்னவர்களைப் புத்தர் ஏன் கண்டித்தார்?
2. 'துக்கம்' என்ற சொல்லை உங்கள் வீட்டில் எப்போது சொல்வீர்கள்?
3. கோதமிக்குக் கடுகு கிடைத்தும் ஏன் பயன்படவில்லை?
4. உங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ் நூல்கள் உள்ளனவா? போய்க் கேளுங்கள். இல்லை என்றால், வேண்டும் என்று நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.