'ஐ ஹேட் கான் டு மதுரை'

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும்: கோ, வென்ட், கான், ஈட், ஏட், ஈட்டன். அதை உருப்போட்டுவிட்டால் சிம்பிள் பாஸ்ட் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். பட்டியல் வேண்டியதுதான். ஆனால் நாம் இடறுவது வேறு இடங்களில்.

நம்பிக்கை: நேற்று நடந்ததை 'ஹேட்' போட்டுச் சொன்னால்தான் நல்ல ஆங்கிலம்.

'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே.' அலுவலகங்களில் சரளமாகப் பேசுபவர்கள் வாயிலும் இது வருகிறது. தமிழில் 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது இயல்பான பேச்சு. போய்த் திரும்பியதையும் அதுவே சொல்லிவிடும். அந்த 'இருந்தேன்'தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஹேட்' ஆகிறது. ஆங்கில 'ஹேட்' தனியே நிற்காது. நடந்துமுடிந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டவே அது வருகிறது: 'வென் ஹி கேம், ஐ ஹேட் லெஃப்ட்.' அவர் வருமுன்பே நான் கிளம்பியாயிற்று. சும்மா நேற்று போய்வந்ததற்கு 'ஐ வென்ட்' போதும். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பதும் இதே வகைதான். நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன பொழுதைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்'க்கு அங்கே வேலை இல்லை.

நம்பிக்கை: கடைசியில் 'இ', 'டி' எழுத்துகள் வந்தால் 'எட்' என்று சொல்ல வேண்டும்.

'வாக்கெட்', 'ஆஸ்கெட்' என்று வகுப்பறையிலேயே பழகிவிடுகிறோம். வான்ட், நீட் போல முடிவிலேயே 'ட்' ஒலி உள்ள வினைகளுக்குத்தான் தனி அசை கூடும்: வான்டிட், நீடிட். மற்றவற்றுக்கு அசை கூடாது. வாக்ட், ஸ்டாப்ட் என்பவற்றில் 'பட்டு' என்பதில் உள்ள வல்லோசை. கால்ட், பிளேட் என்பவற்றில் 'வண்டி'யில் உள்ள மெல்லோசை. ஆஸ்க்ட் என்பது முழுக்க ஒரே அசை. புறனடையும் உண்டு: நீதிமன்றத்தில் 'மை லேர்னிட் ஃபிரெண்ட்' என்று வழக்கறிஞர்கள் சொல்லும்போது இரண்டு அசைதான் சரி. அங்கே அது வினை அல்ல, பெயரடை.

நம்பிக்கை: கேள்வியிலும் 'வென்ட்'தான்.

இல்லை. காலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டாயிற்று. வினை பழையபடி நிற்கும். 'டிட் யூ கோ?' 'ஐ டிடின்ட் கோ.'

நம்பிக்கை: இறந்தகால வடிவம் வந்தால் காரியம் முடிந்துவிட்டது.

'இட் இஸ் டைம் வி வென்ட்' என்று ஆங்கிலேயர் எழுந்திருக்கும்போது யாரும் இன்னும் போகவில்லை. கிளம்ப நேரமாகிவிட்டது என்றுதான் பொருள். 'ஐ விஷ் ஐ நியூ' என்பவருக்கு இப்போதும் விஷயம் தெரியாது. நமக்கு இது புதிதல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறவர்கள்தானே நாம்!

நம்பிக்கை: விதிக்கு அடங்காத வினைகள் பெருகிக்கொண்டே போகின்றன.

குறைந்துவருகின்றன என்பதே உண்மை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பழைய ஆங்கிலத்தில் விதிமீறிய 177 வினைகளை எடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அப்படியே இருப்பவை 98. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் 'ஹோல்ப்', இன்று 'ஹெல்ப்ட்'. புதிதாக வரும் வினைகளும் அநேகமாக விதிப்படிதான் நடக்கின்றன: கூகுள், கூகுள்ட். அன்றாடம் நாக்கில் புரள்பவைதான் பிடிவாதமாக மாறாமல் நிற்கின்றன. மிக அதிகம் புழங்கும் பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் ஆகிய பத்துமே விதிக்கு அடங்காதவை.

ஆகவே பட்டியலை 'ஏ' எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பத்தை முதலில் பிடியுங்கள். கேள்வி, மறுப்பு இரண்டிலும் போட்டு உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.