சேர்த்தலைக் குறிக்கும் சொற்கள்

நம் பள்ளியில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளைப் பயில்கின்றோம். ஒரு கருத்தைக் குறிக்கும் சொற்களை மூன்று மொழிகளிலும் ஒப்பிட்டுக் கற்றால், அவற்றின் பொருள் நம் மனத்தில் நன்கு பதியும். இங்கே 'சேர்த்தல்' என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம்.

குவித்தல்: மணலைக் குவிக்கிறோம், நெல்லைக் குவிக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக உயர்தலே இச்சொல்லின் கருத்தாகும். ஆங்கிலத்தில் 'அக்குமுலேட்' என்பதும் இத்தகையதே. இலத்தீன் மொழியில் 'கூமுலஸ்' என்றால் குவியல். 1802ஆம் ஆண்டில் முகில்களை வகைப்படுத்திய லூக் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர், பஞ்சுக் குவியல்போல் தோன்றும் முகிலுக்கு இப்பெயரையே சூட்டினார். கிள்ளான் பள்ளத்தாக்கின் வானிலும் அம்முகில்களை நாம் காண்கின்றோம்.

திரட்டுதல்: சிதறிக் கிடப்பனவற்றை ஒன்றாக்குதல் திரட்டுதலாகும். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது அன்றோ? ஆங்கிலத்தில் 'அமாஸ்' என்னும் சொல் பிசைந்த மாவைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. நாம் வெண்ணெயைக் கண்டோம். அவர்கள் மாவைக் கண்டார்கள். கருத்து ஒன்றே.

தொகுத்தல்: தேர்ந்தெடுத்து, முறைப்படுத்திச் சேர்ப்பது தொகுத்தல். சங்கப் பாடல்களைச் சான்றோர் தொகுத்தமையால் எட்டுத்தொகை நமக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'கலெக்ட்' என்பதன் வேர், பொறுக்கி எடுத்தலைக் குறிக்கும் 'லெகெரே' என்னும் இலத்தீன் சொல். அச்சொல்லுக்குப் படித்தல் என்றும் பொருள் உண்டு. எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதானே படிப்பு!

சேமித்தல்: இச்சொல் 'சேமம்' என்பதனின்று வந்தது. சேமம் என்றால் பாதுகாப்பு, நலம். ஆங்கிலத்தில் 'சேவ்' என்னும் சொல்லும், பாதுகாப்பானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்ததே. 1951ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதியின் மலாய்ப் பெயரைப் பாருங்கள்: கும்புலான் வாங் சிம்பானான் பெக்கர்ஜா. 'கும்புல்' என்றால் திரட்டு. 'சிம்பான்' என்றால் எடுத்துவை. நாம் காசு போடும் 'தாபோங்' என்பதும் முதலில் மூங்கில் குழாயையே குறித்தது.

பதுக்குதல்: பிறருக்குக் கிடைக்காதபடி மறைத்து வைத்தல். ஆங்கிலத்தில் 'ஹோர்ட்' என்பர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் கருவூலத்தைக் குறித்தது. இன்றோ அது பழிச்சொல்லாகிவிட்டது. சேமிப்பவன் நாளைய தேவைக்காகச் சேர்க்கிறான். பதுக்குபவன் பிறர் தேவையைத் தன் ஆதாயமாக்கவே சேர்க்கிறான். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

திரட்டுதலும் சேமித்தலும் ஒன்றாகக் கூடினால் எத்துணை வலிமை பிறக்கும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களின் இறுதியில் ஆங்கிலேயர் பலர் தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்றனர். அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் விற்கப்பட்டன. பல தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர். இந்நிலையில், 1960ஆம் ஆண்டில், பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தன. அப்பணம் திரண்டது, அதனைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. தனி ஒருவருடைய பத்து வெள்ளி ஒரு மரத்தைக்கூடக் காத்திராது. பலருடைய பத்து வெள்ளி தோட்டத்தையே காத்தது. சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ! பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று அப்பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே செல்லும்போது 'சேமம்' என்னும் சொல்லின் பொருளை நினைத்துப் பாருங்கள்.

பயிற்சி: குவித்தல், திரட்டுதல், தொகுத்தல், சேமித்தல், பதுக்குதல் ஆகியவற்றுள் ஏற்றதைத் தேர்ந்து, தக்க வினைமுற்றாக்கி எழுதுக.

1. மாணவர் எழுதிய கவிதைகளை ஆசிரியர் ஒரு நூலாக ..........
2. பள்ளி விளையாட்டு விழாவிற்குப் பெற்றோர் நிதி ..........
3. கட்டடத் தொழிலாளர் மணலை ஓரிடத்தில் ..........
4. பற்றாக்குறைக் காலத்தில் பேராசை கொண்ட வணிகன் சீனியை ..........
5. தங்கை நாள்தோறும் தாபோங்கில் காசு ..........